வந்தியத்தேவனுக்கு அப்புறம் யார்?

மன்னார்குடி
ஐப்பசி 14

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இனிமேல் படிக்கலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டாரே, அதுவே போதும். இங்கே நாலு நாளாக விடாத மழை. பாமணி ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு போகிறது. சம்பா தப்பிக்குமா என்பதுதான் தெருவில் எல்லார் வாயிலும்.

பொன்னியின் செல்வனை மறுபடியும் முடித்துவிட்டு 'அடுத்து யாரைப் படிப்பது?' என்று கேட்டிருக்கிறாய். கூடவே மருமகளுக்குக் காதல் கதை, பேத்திக்கு மாயாஜாலக் கதை என்று மளிகைச் சீட்டு மாதிரி ஒன்று. உன் பங்கை முதலில் முடிக்கிறேன்.

ஒரு துண்டுக் காகிதம் எடுத்து மூன்று வரி எழுது. கதைச் சுருக்கம் வேண்டாம். அஞ்சு பாகத்திலும் எந்த இடத்தில் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாய் என்று மட்டும் எழுது. அடுத்த ஆசிரியர் அந்த மூன்று வரிக்குள்தான் இருப்பார். அட்டையில் 'சரித்திர நாவல்' என்று போட்டிருக்கிறதே என்று எடுத்தால்தான் வம்பு. வந்தியத்தேவனின் வாய்த்துடுக்குக்காகப் படித்தவள் பாலகுமாரனின் உடையாரை எடுத்தால் முதல் பாகம் தாண்டமாட்டாள். அது ஆறு பாகம். பெரிய கோயில் எழும்புவதும், ராஜராஜனும் பஞ்சவன்மாதேவியும், அந்த வேலையைச் சுற்றியிருந்த ஜனங்களும்தான் அதற்கு உயிர். இவ்வளவு பெரிய கல்லை எப்படி மேலே ஏற்றினார்கள் என்று தஞ்சாவூர் போகும்போதெல்லாம் கேட்கிற ஆளுக்கு அது விருந்து. குதிரை ஓடவேண்டும் என்று நினைக்கிறவளுக்கு அது பாரம். தப்பு புத்தகத்தின் பேரில் இல்லை, எடுத்த காரணத்தின் பேரில்.

உன் மூன்று வரியில் கிண்டல் பேச்சு வந்திருந்தால், நேரே தேவனிடம் போ. திருவிடைமருதூர்க்காரர். அரண்மனை, வாள் எதுவும் கிடையாது. ஆனால் கல்கியும் அவரும் விகடனில் கை பழகியவர்கள். அந்த வாசனை அடிக்கும். துப்பறியும் சாம்புவை முதலில் எடு. ஒவ்வொன்றும் தனிக் கதையாக முடிவதால் இரண்டு கதையில் உனக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். ஒத்துவந்தால் மிஸ்டர் வேதாந்தம்.

கப்பலும் கத்தியும் என்றால் சாண்டில்யன். இங்கேதான் பலபேர் வழி தவறுகிறார்கள். பெயர் பெற்றது கடல் புறா என்று அதன் மூன்று பாகத்தையும் வாங்கி அடுக்கிவிடுவார்கள். ஒரே பாகத்தில் முடிகிற கன்னி மாடத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, பிறகு யவன ராணி இரண்டு பாகம், அப்புறம் கடல் புறா. நாயகியின் வர்ணனை ஒரு பக்கத்துக்கு மேல் போனால் தயங்காமல் தாண்டிக்கொள். கதை எதுவும் நழுவாது.

ஆனால் உன்னை எனக்குத் தெரியும். ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரை போகிற அந்த ஆரம்பத்தைத்தான் எழுதியிருப்பாய். தண்ணீரும் கரையும் ஜனங்களும் வேண்டுமென்றால் உனக்கு ஆள் ஜானகிராமன். எங்கள் மன்னார்குடிப் பக்கம் தேவங்குடியில் பிறந்தவர். மோகமுள்ளிலிருந்து தொடங்காதே. அது பெரிய வீடு. திண்ணையிலேயே வெகுநேரம் உட்கார வைத்துவிடும். கதாநாயகன் பாபுவுக்கும் சங்கீதத்துக்கும் உள்ள உறவு சூடுபிடிக்கும் வரை பொறுமை வேண்டும். அதற்கு அவர் குரல் உனக்கு முன்பே பழகியிருக்க வேண்டும். முதலில் இரண்டு சிறுகதை: சிலிர்ப்பு, பாயசம்.

சிலிர்ப்பில் ஒரு ரயில் பெட்டி, ஒரு குட்டிப் பையன், கல்கத்தாவுக்கு வீட்டு வேலைக்குப் போகிற ஒரு சின்னப் பெண், ஓர் ஆரஞ்சுப் பழம். அவ்வளவுதான் சாமான். பழம் யார் கையில் இருக்கிறது என்பதை மட்டும் கவனித்துக்கொண்டே வா. பாயசத்தில் ஒரு கல்யாண வீடு. பொறாமை ஒரு கிழவரைப் படிப்படியாக அந்தப் பாயச அண்டா வரைக்கும் நடத்திக்கொண்டு போகிறது. அவர் நல்லவரா கெட்டவரா என்று எழுதியவர் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். அது பிடித்தால் அம்மா வந்தாள், அதற்கு அப்புறம்தான் மோகமுள்.

அவரோடு சேர்த்துக் கும்பகோணத்தையும் ஒரு சுற்று வா. கு.ப. ராஜகோபாலனின் 'விடியுமா?' பத்துப் பக்கம் இருந்தால் அதிகம். தந்தி வந்து அக்காவும் தம்பியும் ராத்திரி ரயிலில் கும்பகோணத்திலிருந்து சென்னைக்குப் போகிறார்கள். வழி நெடுக விடியலுக்குக் காத்திருக்கிறார்கள், விடிவதற்குப் பயப்படவும் செய்கிறார்கள். மௌனியை மட்டும் கடைசியில் வைத்துக்கொள். மொத்தமே இருபத்துநாலு கதைதான். புதுமைப்பித்தன் அவரைச் சிறுகதையின் திருமூலர் என்று சொன்னது புகழ்ச்சிதான். எளிதில் பிடிபடமாட்டார் என்று அதிலேயே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது.

தொடர்கதையாக வந்தவற்றைப் படிக்கிற வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பொன்னியின் செல்வன் 1950லிருந்து 1954 வரை வாரம் வாரம் வந்தது. ஒவ்வொரு அத்தியாயமும் போன வாரத்தைக் கொஞ்சம் ஞாபகப்படுத்தும், முடிவில் ஒரு கொக்கி மாட்டும். ஒரே மூச்சில் ஐம்பது அத்தியாயம் ஓட்டினால் அந்தக் கொக்கியே அலுப்பு தட்டும்; 'இவர் ஏன் சொன்னதையே சொல்கிறார்' என்று ஆசிரியர் மேல் பழி விழும். நாளுக்கு நாலு அத்தியாயம் போதும். சாண்டில்யனுக்கும் தேவனுக்கும் இதே அளவுதான்.

பழைய புத்தகக் கடையில் பத்திரிகைப் பக்கங்களைத் தைத்த பைண்டு வால்யூம் கிடைத்தால் ஆசையில் உடனே காசை நீட்டாதே. முதலில் அத்தியாய எண்களை ஒன்றிலிருந்து கடைசி வரை விரலால் ஓட்டிப் பார். தொடர் வந்த காலத்தில் ஒரு வார இதழ் கைதவறியிருந்தால் 31க்கு அடுத்து 33 வரும். பொன்னியின் செல்வனுக்குப் பாகவாரியாகக் கணக்கு 57, 53, 46, 46, 91, மொத்தம் 293. அப்புறம் நடுவில் விரித்துப் பார்: மடிப்பை ஒட்டித் தைத்திருந்தால் வரியின் முதல் எழுத்து தையலுக்குள் போயிருக்கும். கீழ் ஓரத்தைப் பார்: பைண்டர் கத்தி போட்டதில் கடைசி வரி பாதி அறுந்திருக்கும். ஓவியர் மணியம் படமும் லதா படமும் இருக்கிறதே என்று மயங்கினால் படம் பார்க்கத்தான் ஆகும். வாங்கியதை இந்த மழையில் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதே. ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சணம் பூக்கும், புத்தகத்தை அரிக்கிற ராமபாணப் பூச்சியும் சேரும். சுவரை ஒட்டாமல் நாலு விரல் தள்ளி அலமாரியில் நிறுத்தி வை. தை வெயில் வந்ததும் நிழலில் விரித்துக் காற்றாட விடு.

இனி மருமகள். இங்கிலீஷில் காதல் கதை வேண்டும், 'ஆனால் அசடு வழியக்கூடாது' என்று சொன்னாளாமே, கெட்டிக்காரி. எல்லாரும் ஜேன் ஆஸ்டினின் பிரைட் அண்ட் பிரெஜுடிஸைக் (1813) கையில் கொடுப்பார்கள். தப்பில்லை. ஆனால் முப்பது வயது தாண்டியவளுக்கு நான் அதே ஆஸ்டினின் பெர்சுவேஷனைக் கொடுப்பேன். பெரியவர்கள் பேச்சைக் கேட்டு, பிடித்தவனை வேண்டாம் என்று சொன்னவள் எட்டு வருஷம் கழித்து அவனை மறுபடி பார்க்கிறாள். அவளுக்கு வயது 27, ஊர் அவளைக் கழித்துக் கட்டியாயிற்று. நம் பக்கத்து வீடுகளில் நடக்காத கதையா? கடைசியில் வருகிற அந்தக் கடிதத்தை அவளே படித்துக்கொள்ளட்டும், நீ முந்திச் சொல்லிவிடாதே.

சுருக்கப் பதிப்பு வீட்டுக்கு வந்துவிடாமல் பார்த்துக்கொள். அட்டையில் முழுப்பெயர் இருக்கும், உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காகக் கால்வாசியாக வெட்டிய பாடம் இருக்கும். படித்தவர்கள் 'இதில் என்ன இருக்கிறது?' என்று கேட்பது பெரும்பாலும் அதனால்தான். அத்தியாயத்தை எண்ணு. பிரைட் அண்ட் பிரெஜுடிஸ் 61, பெர்சுவேஷன் 24, பிரான்டி சகோதரிகளின் ஜேன் அயர் 38, உதரிங் ஹைட்ஸ் 34. எண் திடீரென்று மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினால் பயப்படாதே. பழைய முறைப்படி மூன்று வால்யூமாகப் பிரித்திருப்பார்கள். பிரைட் அண்ட் பிரெஜுடிஸில் 23, 19, 19 கூட்டினால் 61 வந்துவிடும்.

ஆஸ்டின் எழுதி முடித்த நாவல் ஆறே ஆறு. தீர்ந்தபின் இரண்டு பாதை. அந்தக் காலமும் அந்தச் சிரிப்பும் போதும் என்றால் ஜார்ஜெட் ஹேயர். அரபெல்லா (1949) நல்ல தொடக்கம்: பாதிரியார் வீட்டுப் பெண் ரோஷத்தில் தன்னைப் பெரிய பணக்காரி என்று சொல்லிக்கொண்டு மாட்டிக்கொள்கிறாள். முதல் முப்பது பக்கம் அந்தக் காலத்து லண்டன் கொச்சை தடுக்கும். அகராதியைத் திறக்காமல் போகச் சொல், தானாகப் பழகும். காதலோடு கூலி, வேலைநிறுத்தம், மில் புகை எல்லாம் வேண்டும் என்றால் எலிசபெத் காஸ்கெலின் நார்த் அண்ட் சவுத். அவருடைய வைவ்ஸ் அண்ட் டாட்டர்ஸ் இன்னும் நல்ல நாவல். ஆனால் 1865ல் அதை முடிப்பதற்குள் அவர் போய்விட்டார். முன்னமே சொல்லிக் கொடுத்தால் ஏமாற்றம் இருக்காது.

தமிழில் கேட்டால் லக்ஷ்மி. டாக்டராக இருந்தவர், தொட்டியத்தில் பிறந்தவர். ஒரு காவிரியைப் போல நாவலுக்கு 1984ல் சாகித்ய அகாதெமி பரிசு. ரமணிசந்திரனைப் பற்றி உதட்டைச் சுழிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. நூற்றைம்பதுக்கு மேல் எழுதி, லெண்டிங் லைப்ரரி வாசலில் பெண்களை வரிசையில் நிற்க வைத்த கை சாதாரணக் கை இல்லை. அச்சு ஒன்றுதான், அதனால் அடுத்தடுத்து மூன்று படிக்காதே. நடுவில் வேறு ஏதாவது வை.

பேத்திக்கு 13 வயது என்றாய். மாயாஜாலக் கதைகளில் முதல் தொல்லை வரிசை. பெட்டியாக விற்கிற நார்னியா ஏழு புத்தகத்தில் ஒன்றாம் எண் போட்டிருப்பது 1955ல் வந்தது. அதை ஒதுக்கிவிட்டு, 1950ல் முதலில் வந்த சிங்கம், சூனியக்காரி, அலமாரிக் கதையைப் படிக்கச் சொல். அலமாரிக்குள் பனி பெய்கிற அதிசயம் அப்போதுதான் புதுசாக இருக்கும். டெர்ரி பிராட்செட் டிஸ்க்வேர்ல்ட் வரிசையில் 41 எழுதினார். முதலாவதிலிருந்து தொடங்கவே வேண்டாம், அது அவர் கை தேறாத காலம். உன் பேத்திக்கு தி வீ ஃப்ரீ மென். ஒன்பது வயது ஆட்டுக்காரக் குடும்பத்துப் பெண் வாணலியைத் தூக்கிக்கொண்டு தேவதை ராணியோடு சண்டைக்குப் போகிறாள். அவளைப் பற்றி மொத்தம் ஐந்து புத்தகம்.

அடுத்து அர்சுலா லெ குவினின் எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ (1968). மெலிந்த புத்தகம். ஒரு பொருளின் உண்மைப் பெயர் தெரிந்தால் அதன்மேல் அதிகாரம் வரும் என்பதுதான் அங்கே மந்திரத்தின் சட்டம். கதாநாயகன் நம்மைப்போல் மாநிறத்துக்காரன். டயானா வின் ஜோன்ஸின் ஹவுல்ஸ் மூவிங் காசில் சிரிக்க வைக்கும். கேம் ஆஃப் த்ரோன்ஸ் எழுதிய ஜார்ஜ் மார்ட்டினை அவள் கேட்டாலும் இப்போது கொடுக்காதே. வயது ஒரு காரணம். 2011ல் ஐந்தாம் புத்தகம் வந்ததோடு கதை நிற்கிறது என்பது இன்னொன்று.

இதையெல்லாம் சீமையிலிருந்து இறக்கினாலும், உன் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்விடுகிற பூம்புகாரில் ஒரு மாயக்கதை நடந்திருக்கிறதே. மணிமேகலைக்குத் தெய்வம் மூன்று மந்திரம் சொல்லித் தருகிறது: வானத்தில் போக, வேற்றுருக் கொள்ள, பசியைத் தாங்க. அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் வேறு. முப்பது காதை, உரைநடையில் நல்ல பதிப்பாக வாங்கி ராத்திரி ஒரு காதை நீ சொல்லு. அவள் கொஞ்சம் பெரியவளானதும் கும்பகோணத்து எம்.வி. வெங்கட்ராமின் நித்திய கன்னியைக் காட்டலாம். பாரதத்தில் வரும் மாதவி கதை. வரம் என்று கொடுத்தது ஒரு பெண்ணுக்கு எப்படிச் சுமையாகிறது என்பதுதான் நாவல். 13 வயதுக்கு இல்லை.

கல்கி எழுதியது இணையத்தில் மதுரைத் திட்டம் என்கிற நூலகத்தில் இலவசமாக இருக்கிறது. ஆஸ்டின், பிரான்டி, காஸ்கெல் அதேபோல் குட்டன்பர்க் என்கிற இணைய நூலகத்தில். ஹேயரின் அரபெல்லா, லெ குவினின் எர்த்ஸீ காசு கொடுத்துத்தான். உன் கண்ணுக்கு இப்போதைக்கு டேப்லெட்டில் எழுத்தைப் பெரிதாக்கி, வரிக்கு ஐந்தாறு சொல் வருகிற மாதிரி வைத்துக்கொண்டு படி. வெளிச்சத்தைக் குறை. அரை மணிக்கு ஒரு தரம் ஜன்னலுக்கு வெளியே பார்.

மழை விட்டதும் ஜானகிராமன் சிறுகதைத் தொகுதியைத் தபாலில் அனுப்புகிறேன். சிலிர்ப்பு இருக்கிற பக்கத்தில் பஸ் டிக்கெட் வைத்திருக்கும். அந்த மூன்று வரியைத் திருப்பித் தபாலில் அனுப்பு. நான் நினைத்தது ஏரிக்கரைதானா என்று பார்க்க வேண்டும்.

உன்
வசந்தா