நூலிழையில் தோற்றவருக்கும் மறுபோட்டி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) குத்துச்சண்டையில் மறுபோட்டி என்றாலே காசு பார்க்கும் வேலை என்று பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

1947 டிசம்பரில் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்ததைப் பாருங்கள். சாம்பியன் ஜோ லூயிஸை ஜெர்சி ஜோ வால்காட் இரண்டு முறை கீழே வீழ்த்தினார். தோற்றுவிட்டோம் என்றெண்ணி, முடிவை அறிவிக்கும் முன்பே லூயிஸ் ரிங்கை விட்டு இறங்கப் பார்த்தார். புள்ளி போட்ட மூவரில் ஒருவரான ரெஃப்ரியின் கணக்கில் வால்காட்தான் அதிகச் சுற்றுகளை வென்றிருந்தார். மற்ற இரு நடுவர்களும் லூயிஸ் பக்கம் நின்றதால் பட்டம் கைமாறவில்லை. இப்படித் தோற்றவரை அப்படியே விட்டுவிடுவது எந்த ஊர் நியாயம்?

1948இல் மறுபோட்டி கிடைத்தது. வால்காட் பதினோராம் சுற்றில் வீழ்ந்தார். பிறகு எஸ்ஸார்ட் சார்ல்ஸிடமும் இரண்டு முறை தோற்றார். ஐந்தாவது முயற்சியில், 1951 ஜூலையில், 37 வயதில், அதே சார்ல்ஸை ஏழாம் சுற்றில் ஒரு இடது கைக் குத்தில் சாய்த்துப் பட்டம் வென்றார்!

இன்று மறுபோட்டி உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்வது பெரும்பாலும் சாம்பியன் தரப்புதான். 2001இல் ஹசிம் ரஹ்மானிடம் வீழ்ந்த லெனாக்ஸ் லூயிஸ், நீதிமன்றம் வரை போய் அந்த உரிமையை நிலைநாட்டி, நவம்பரில் பட்டத்தை மீட்டார். அது அவர் உரிமை, குறை சொல்லவில்லை. சவால் விட வருபவருக்கு அந்தப் பலம் ஏது? நடுவர்கள் பிளவுபட்டுத் தீர்ப்புச் சொன்னால், தோற்ற சவாலாளருக்கு ஓராண்டுக்குள் மறுபோட்டி என்பதை உலகப் பட்டங்களை வழங்கும் டபிள்யூபிசி, டபிள்யூபிஏ போன்ற குத்துச்சண்டை அமைப்புகள் விதியாகவே எழுதி வைக்க வேண்டும்.

ஒரு வாசகர்,
ராயபுரம், சென்னை