கொட்டேஷனில் அந்த ஒரு வரியையும் முழுசாக எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பிளஸ் 2 தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும்வரை உள்ள விடுமுறையில்தான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் முதன்முதலாக கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறார்கள். அவர்களுக்கும், பணம் கொடுக்கும் பெற்றோருக்கும், விற்கும் கடைக்காரர்களுக்கும் உங்கள் பத்திரிகை வழியாக ஒன்று சொல்ல வேண்டும்.

இவர்கள் கொண்டுவரும் கொட்டேஷனைப் பார்த்தால் பிராசஸர் எந்த மாடல், கிராஃபிக்ஸ் கார்டில் எத்தனை ஜிபி, கேபினட்டில் விளக்கு எரிகிற ஃபேன் எத்தனை என்று எல்லாம் விவரமாக இருக்கும். ஸ்டோரேஜ் என்று வரும்போது மட்டும் '512 ஜிபி எஸ்எஸ்டி' என்பதோடு முடிந்துவிடும். கம்பெனி பெயர் கிடையாது, மாடல் கிடையாது. எஸ்எஸ்டி என்பது சில்லுகளில் சேமிக்கும், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வந்த சாதனம். விண்டோஸும் கேம்களும் பிள்ளையின் கல்லூரி வேலையும் உட்காரப்போகிற இடம் அது. என்ன வந்து சேரும் என்பதைக் கடைக்காரர் கையிருப்புதான் முடிவு செய்கிறது.

அண்மையில் ஒரு தகப்பனாரும் மகனும் வெளியூரில் வாங்கிய சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "அக்கா, கேம் அப்டேட் ஆரம்பிச்சா கொஞ்ச நேரம் நல்லா ஓடுது, அப்புறம் அப்படியே நின்னு நின்னு போகுது. நெட்டு நல்லாத்தான் இருக்கு" என்றான் பையன். பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில் இருந்த எம்.2 டிரைவில் (மதர்போர்டிலேயே நேராகச் செருகும் பட்டையான எஸ்எஸ்டி) நான் கேள்வியே படாத ஒரு பெயரும், 512 ஜிபி என்ற எழுத்தும்தான் இருந்தன. விற்ற கடைக்கு போன் போட்டுக் கொடுத்தேன். பில்லில் சீரியல் நம்பர் இல்லாததால், அது அவர்கள் விற்ற டிரைவ்தானா என்று எப்படி நம்புவது என்று கேட்டார்கள். "இவ்ளோ பணம் கொடுத்திருக்கோமேம்மா" என்றார் தகப்பனார். அவரிடம் பில் இருந்தது. ஆனால் அந்த பில்லால் எதையும் நிரூபிக்க முடியவில்லை.

அந்தப் பையனுக்கு நேர்ந்தது என்னவென்று விளக்குகிறேன். எஸ்எஸ்டியில் தகவல் பதியும் நுண்ணறையான ஒரு செல்லுக்குள் மூன்று பிட் எழுதினால் டிஎல்சி, நான்கு பிட் எழுதினால் கியூஎல்சி. கியூஎல்சி விலை குறைவு, எழுதும் வேகமும் குறைவு. அது தெரியாமல் இருக்க, காலியாக உள்ள செல்களில் ஒரு பகுதியில் முதலில் ஒற்றை பிட்டாக வேகமாக எழுதி, பிறகு சாவகாசமாக அடுக்கிக்கொள்வார்கள். டிரைவ் காலியாக இருக்கும்போது பறக்கும். முக்கால்வாசி நிரம்பிய பின் 80 ஜிபி அப்டேட் ஒன்றை இறக்கினால் அந்த வேகப் பகுதி தீர்ந்துபோய், பழைய ஹார்ட் டிஸ்க்கை விடவும் மெதுவாகிற டிரைவ்கள் இருக்கின்றன. கடையில் போட்டுக் காட்டும்போது இது வெளியே தெரியாது.

பெயர் பெற்ற கம்பெனிகளிலும் வித்தியாசம் உண்டு. சாம்சங் 970 ஈவோ பிளஸ் 1 டிபிக்கு (டிபி என்றால் டெராபைட், அதாவது ஆயிரம் ஜிபி) 600 டெராபைட் எழுதும்வரை உத்தரவாதம் தந்தார்கள். கியூஎல்சியான க்ரூஷியல் பி3-இன் 1 டிபிக்கு அது 220. இரண்டுக்கும் ஐந்தாண்டு வாரன்டி. விளையாடுகிற பிள்ளை ஐந்து வருடத்தில் 220 டெராபைட் எழுதப்போவதில்லை, அதனால் பயப்பட வேண்டாம். ஆனால் உள்ளே என்ன சில்லு இருக்கிறது என்பதற்கு அந்த எண் நல்ல அடையாளம். 2021-இல் க்ரூஷியல் பி2 டிரைவில் பெயரை மாற்றாமலே டிஎல்சிக்குப் பதில் கியூஎல்சி வைத்தது அம்பலமானது. தெரிந்த கம்பெனியிலேயே இப்படி என்றால், மாடலே எழுதாத டிரைவை எதை நம்பி வாங்குவது?

எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, 1 டிபி கொள்ளளவுள்ள டிஎல்சி என்விஎம்இ டிரைவ் (எம்.2 வடிவில் வரும் வேகமான வகை) ஒன்று. கிராஃபிக்ஸ் கார்டில் ஒரு படி இறங்க வேண்டியிருந்தாலும் சரி. 512 ஜிபி டிரைவை விண்டோஸ் சுமார் 476 ஜிபி என்றுதான் காட்டும். கம்பெனி ஆயிரம் ஆயிரமாகவும் விண்டோஸ் 1,024 ஆகவும் எண்ணுவதால் வரும் வேறுபாடு அது. யாரும் ஏமாற்றவில்லை. விண்டோஸ் போக, கொஞ்சம் காலியிடமும் விட வேண்டும். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-க்கு 150 ஜிபி, பால்டர்ஸ் கேட் 3-க்கு 150 ஜிபி என்று கேட்கிறார்கள். இரண்டு கேம் போட்டதும் இடம் முடிந்தது. ஸ்டார்ஃபீல்டு போன்று 2023 முதல் வந்த பெரிய கேம்கள் பல குறைந்தபட்சத் தேவையிலேயே எஸ்எஸ்டி என்று எழுதிவிட்டன. அதனால் ஹார்ட் டிஸ்க்கில் போட்டுச் சமாளிக்கவும் வழியில்லை. கல்யாண வீடியோ, போட்டோ, சினிமா சேர்த்துவைக்க ஹார்ட் டிஸ்க் நல்லதுதான், பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

டிரைவை மதர்போர்டோடு இணைக்கும் பாதையின் தலைமுறையைச் சொல்லி, ஜென் 4, ஜென் 5 என்று ஆசை காட்டுவார்கள். பழைய வகைக் கேபிளில் இணையும் சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி, ஜென் 3 சுமார் 3,500, ஜென் 4 சுமார் 7,000 என்று அட்டைப்பெட்டியில் எண் ஏறிக்கொண்டே போகும். கேம் திறக்கிற நேரத்தில் ஜென் 3-க்கும் ஜென் 4-க்கும் ஓரிரு நொடிதான் வித்தியாசம் வரும். அதைவிட முக்கியமாக, உங்கள் சிஸ்டம் அந்த வேகத்தை எடுக்குமா என்று பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டு பிறகு வாங்கலாம் என்று நினைக்கும் பிள்ளைகள் அதிகம் எடுப்பது, கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கும் ரைசன் 5 5600ஜி பிராசஸர். அது ஜென் 3 மட்டுமே தரும், ஜென் 4 தாங்கும் பி550 மதர்போர்டில் போட்டாலும் அப்படித்தான். இது தெரிந்த கடைக்காரர்களே ஜென் 4 டிரைவுக்குக் கூடுதல் பணம் வாங்குவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

தாங்களே மாட்டுகிற பிள்ளைகளுக்கு: எம்.2 டிரைவைச் சாய்வாகச் செருகி, அழுத்திப் பிடித்து, முனையில் அந்தக் குட்டி ஸ்க்ரூவைப் போடுங்கள். ஸ்க்ரூ மதர்போர்டு டப்பாவில் தனிப் பையில் இருக்கும், டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டிரைவின் மேல் மூடுகிற, சூடு இறக்கும் உலோகத் தகடான ஹீட் சிங்க்கின் அடியில் உள்ள ஒட்டும் பட்டையின் பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டு மூடுங்கள். உரிக்காவிட்டால் சூடு இறங்காது, சித்திரை வெயிலில் டிரைவ் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விண்டோஸ் போடும்போது அந்த எஸ்எஸ்டி மட்டும் இணைப்பில் இருக்கட்டும். ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்திருந்தால் பூட் ஆகிற பகுதி அதில் போய் உட்கார்ந்துகொள்ள வாய்ப்புண்டு. பிறகு ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினால் கம்ப்யூட்டர் எழும்பாது. இதற்காகவே என்னிடம் வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

கடைக்காரர்களுக்கு வருகிறேன். ஏஐ தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை மொத்தமாக வாங்கிக் குவிப்பதால் 2025 கடைசியில் எஸ்எஸ்டி, ராம் விலை கிடுகிடுவென்று ஏறியது. பட்ஜெட்டுக்குள் முடித்துத் தர, பெயர் தெரியாத டிரைவைத் தள்ளிவிடும் சபலம் இப்படிப்பட்ட நேரத்தில் கூடும். பில் வேண்டாம் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்ற பேச்சும் கூடவே வரும். பில் தராததை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம் என்பது பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

'மாடலை எழுதிக் கொடுத்துவிட்டு ஸ்டாக் வராவிட்டால் என்ன செய்வது?' என்று சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் மொத்தக் கொள்முதல் செய்யும் நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. சிரமம் உண்மைதான். அப்போது வாடிக்கையாளருக்கு போன் செய்து, இந்த மாடல்தான் இருக்கிறது, போடட்டுமா என்று கேளுங்கள். கேட்காமல் மாற்றாதீர்கள். பில்லில் சீரியல் நம்பர் ஏற்றுவதும் பெரிய வேலை இல்லை, டப்பாவில் இருக்கும் பார்கோடை ஸ்கேன் செய்தாலே விழுந்துவிடும். என் கடையில் அப்படித்தான் போடுகிறோம்.

உயர்கல்வி வழிகாட்டிப் பக்கங்களை நீங்கள் வெளியிடும் மே, ஜூன் மாதங்களில், கம்ப்யூட்டர் வாங்கும்போது கொட்டேஷனில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு கால் பக்கம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஸ்டோரேஜுக்கு கம்பெனி, முழு மாடல், கொள்ளளவு, வாரன்டி ஆண்டு, சீரியல் நம்பர் ஆகிய ஐந்தும் அதில் இடம்பெறட்டும்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்தும் வாசகி,
கும்பகோணம்.