தண்ணீரைப் பார், பிள்ளை

அன்புள்ள மகளுக்கு,

காலபோக விதைப்பு முடிந்துவிட்டது. மழையும் வந்து சேர்ந்தது. அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர எல்லோரும் நல்ல சுகம்.

போன ஞாயிறு நீ அவசரமாகச் சொல்லிவிட்டு வைத்த விஷயம் மனதைவிட்டுப் போகவில்லை. உங்கள் கடதாசிக் கூழ் ஆலையில், ஐதரசன் பேரொக்சைட் விட்டு வெளுக்கிற கட்டத்தில் மரக்கூழ் வெளுக்க மாட்டேன் என்கிறது, மருந்தைக் கூட்டிக் கூட்டிப் பார்க்கிறார்கள் என்றாய். சுவீடனில் இருக்கிற இஞ்சினியருக்குக் கிளிநொச்சிக் கிழவன் பாடம் எடுக்கிறாரா என்று அம்மா சிரிக்கிறார். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் நின்றவனுக்கு வாய் சும்மா இருக்குமா?

ஆனையிறவு உப்பைக் கரைத்து மின்சாரம் விட்டால் எரிசோடாவும் குளோரினும் வரும். எங்களுக்கு வெளுப்பு என்றால் குளோரின்தான். 1774இல் அதைப் பிரித்தெடுத்த சேலே உங்கள் சுவீடனில் இருந்தவர். பூவின் நிறம் அதில் போவதையும் கண்டிருக்கிறார். ஆனால் குளோரின், மரநாரை ஒட்டிவைக்கிற பசை போன்ற லிக்னினை உடைப்பதோடு தானும் அதில் ஒட்டிக்கொள்ளும். 1980களில் ஆலைக் கழிவுகளில் டயொக்சின் என்ற நஞ்சைக் கண்ட பிறகுதான் குளோரின் டைஒக்சைட்டுக்கு மாறினார்கள். சரி, அது பழைய கதை.

பேரொக்சைட்டின் குணம் வேறு. எரிசோடா போன்ற காரம் சேர்ந்தால்தான் அதற்குப் பல் முளைக்கும். மரத்தை அவித்த பிறகு மிஞ்சுகிற லிக்னினில் குவினோன் போன்ற அமைப்புகள் இருக்கின்றன. அவை நீல ஒளியை விழுங்குவதால்தான் கூழ் பழுப்பாகத் தெரிகிறது. பேரொக்சைட் போய்க் கடிப்பது அந்த இடத்தைத்தான். ஆனால் மங்கனீசோ இரும்போ கொஞ்சம் கலந்திருந்தாலும் போதும், கடிக்கும் முன்னமே அது தண்ணீரும் ஒட்சிசனுமாகப் போய்விடும். பிறகு எவ்வளவு ஊற்றினாலும் காசுக்குத்தான் கேடு.

உன் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை ஞாபகம் இருக்கிறதா? குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து மஞ்சளாகிப் போனது. அம்மா ஒருநாள் பொறுமை இழந்து பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்தார். கொலரிலும் கைமடிப்பிலும் துருத்துருவாகப் புள்ளி! தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருந்த இரும்பைப் பிளீச்சிங் பவுடர் துருவாக்கிவிட்டது. நீ அழுதாய். நான் தேசிக்காய்ப் புளியும் உப்பும் தேய்த்து வெயிலில் போட்டேன். புளியில் இருக்கிற சித்திரிக்கமிலம் இரும்பைக் கவ்வி எடுத்துவிடும். இரண்டு தரத்தில் கறை போய்விட்டது. உங்கள் ஆலையில் ஈடிடிஏ என்கிற இரசாயனம் செய்கிற வேலையும் அதுதான், விலைதான் கூட.

ஆகவே மருந்தைக் கூட்ட முன்னம் இவற்றைப் பார். வெளுத்து முடிகிற இடத்தில் பேரொக்சைட் கொஞ்சமாவது மிஞ்சுகிறதா? ஈடிடிஏ போடுகிற இடத்தில் பிஎச், அதுதான் அமில கார அளவு, சரியா, அதன் பிறகு கூழை நன்றாகக் கழுவுகிறார்களா? கழுவாவிட்டால் கவ்விய உலோகம் கூழோடே வந்துவிடும். மரப்பட்டை சரியாக உரிபடுகிறதா என்றும் பார், மங்கனீசு பட்டையில்தான் கூட. மக்னீசியத்தை மட்டும் எடுத்துவிடாதே, நாரைக் காப்பது அது.

இதெல்லாம் உனக்குத் தெரியாததா? என்றாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஞாயிறு எடுக்கும்போது அந்த பிஎச் எவ்வளவு என்று மறக்காமல் சொல். அம்மாவோடு முதலில் கதைத்துவிடு. எனக்குத் தந்தால் போனைத் திரும்பத் தரமாட்டேன் என்று இப்போதே முறைப்பாடு.

அன்புடன்,
அப்பா