சோலெதார் பாட்டி தந்த உப்பு

உக்ரைன் போரிலிருந்து தப்பி வீடு வந்து ஐந்து நாளாகிறது. ராத்திரி யாராவது கதவைச் சாத்தினாலும் இன்னும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். இந்த மடலை மட்டும் தள்ளிப்போட மனமில்லை.

எல்லைவரை கொண்டுவந்த பேருந்து ஓட்டுநர்கள், போலந்துப் பக்கம் கொட்டும் குளிரில் நின்று சூப் ஊற்றிக் கொடுத்த தன்னார்வலர்கள், விமானம் ஏற்றிவிட்ட தூதரகத்தார், டெல்லி தமிழ்நாடு இல்லத்தில் சோறு போட்டு சென்னைக்கு அனுப்பிய அதிகாரிகள், தூங்காமல் வாட்ஸ்அப்பில் கூடவே இருந்த சீனியர் அண்ணன்கள், அக்காக்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

அப்புறம், உக்ரைனின் கிழக்கே கார்கிவிலிருந்து மேற்கே லிவிவ் வந்த ரயிலில் என்னை ஒட்டி உட்கார்ந்திருந்த அந்தப் பாட்டிக்கு.

பெட்டியில் கால் நகர்த்த இடமில்லை. விளக்கை அணைத்துவிட்டார்கள். இருட்டில் ஒரு கை என் கையைத் தேடி எதையோ வைத்தது. தோலோடு அவித்த உருளைக்கிழங்கு. வாயில் வைக்கப் போனேன், ‘பொறு’ என்று தடுத்தார். செய்தித்தாள் பொட்டலம் ஒன்றைப் பிரித்து, விரலால் துழாவி, ஒரு சிட்டிகை எடுத்துத் தூவினார். ஒன்றரை நாள் பட்டினிக்குப் பிறகு நாக்கில் பட்ட அந்த உப்பு! அழுதுவிட்டேன்.

“எங்கள் ஊர் உப்பு” என்றார். ஊர் கிழக்கு உக்ரைனில் இருக்கும் சோலெதார். மகளைப் பார்க்க கார்கிவ் வந்த இடத்தில் போர் பிடித்துக்கொண்டது. போருக்கு முன் பத்தாயிரம் பேர் சுமாருக்கு வாழ்ந்த சின்ன ஊர்தான், ஆனால் உக்ரைன் சாப்பிட்ட உப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அங்கிருந்துதான் போனது. 1881இல் முதல் சுரங்கம். சோவியத் காலத்தில் ஊருக்கு ஜெர்மன் கம்யூனிஸ்ட் தலைவர் கார்ல் லீப்னெஹ்டின் பெயர். 1991இல்தான் ‘உப்பின் கொடை’ என்று பொருள்படும் சோலெதார் ஆனது. அவர் கணவர் கீழே, ஏறத்தாழ 300 மீட்டர் ஆழத்தில். இவர் மேலே, உப்பைப் பொட்டலம் கட்டும் பிரிவில். அடியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சுரங்கப் பாதை, கோவில் மண்டபம்போல் வெள்ளை அறைகள். ஒன்றில் இசைக்கச்சேரியே நடந்திருக்கிறது. மூச்சிரைப்புக்காரர்கள் தங்கிச் சிகிச்சை பெற ஒரு மருத்துவ இல்லமும் உள்ளேயே இருந்தது. சொல்லும்போது அவர் குரலில் பயமே இல்லை. 2014இல் கிழக்கே சண்டை தொடங்கியதிலிருந்து எட்டு வருடமாகத் தூரத்துப் பீரங்கிச் சத்தம் கேட்டே பழகிய ஊர்.

எங்கள் ஊர் தூத்துக்குடி, அங்கேயும் உப்புதான், கடல் தண்ணீரைப் பாத்தியில் காயவைத்து எடுப்போம் என்று எனக்குத் தெரிந்த ரஷ்ய மொழியில் சொன்னேன். பாட்டி சிரித்தார். “எங்களுடையதும் கடல்தானடா. காய்ந்து 25 கோடி வருடம் ஆயிற்று, அவ்வளவுதான்.”

அதன் பிறகு அந்த ரயிலில் எனக்குத் தூக்கம் வந்தது.

பாட்டி வழியில் தெர்னோபிலில் இறங்கும்போது மீதிப் பொட்டலத்தை என் கோட்டுப் பையில் திணித்து, “அம்மாவிடம் கொடு” என்றார். பெயர் கேட்கத் தோன்றவில்லை. வழியெல்லாம் பாபுஷ்கா (ரஷ்ய மொழியில் பாட்டி) என்றேதான் கூப்பிட்டேன். நேற்று அம்மா அதில் ஒரு கல்லெடுத்துக் கஞ்சியில் போட்டார். மிச்சத்தை மடித்துச் சாமி மாடத்தில் வைத்திருக்கிறார்.

பாபுஷ்கா, சண்டை ஓயட்டும். சோலெதார் வந்து வீடு வீடாக விசாரித்தாவது உங்களைக் கண்டுபிடிப்பேன். எங்கள் உப்பில் ஒரு பொட்டலம் கொண்டுவருகிறேன். உருளைக்கிழங்கு நீங்கள் அவித்து வையுங்கள்.