படிப்பகத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சுதந்திர தினம், குடியரசு தினக் கொடியேற்றம் வழக்கம்போல் நடந்தது. பொங்கல் விளையாட்டுப் போட்டியும் நடந்தது. ஒழுகிய கூரையில் இரண்டு தகரம் மாற்றினோம்.

இனி ஆவணத் திரட்டு, அதாவது நம் குடும்பங்களின் பழைய பாஸ்போர்ட், அட்டைகளைப் பிரதி எடுத்துப் பத்திரப்படுத்தும் வேலை. இதற்கு எதற்கு இவ்வளவு செலவு என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டியவர்கள் 5,25,000 பேர். 1974-இல் இன்னும் 75,000 சேர்ந்தது. உறவுகள் அழுது வழியனுப்பியதால் ஒப்பாரிக் கோச்சி என்று பேர் வாங்கிய ரயிலில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசு நீலகிரியில் தேயிலை நடத் தொடங்கியது. 1976-இல் அது டான்டீ, அதாவது தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வந்த வரத்து வேறு மாதிரி. 1984-இல் கப்பலும் நின்றுவிட்டது. அதற்குள் கிளம்பியவர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு பந்தலூர்ப் பக்கம் வந்து சேர்ந்தார்கள்.

அப்போது நம் பள்ளியில் வாத்தியார் ஒருவர்தான். பிள்ளைகளிடம் மாற்றுச் சான்றிதழ் இல்லை, பிறப்புச் சான்றிதழும் இல்லை. தலைக்கு மேல் கையை வளைத்து எதிர்க் காதைத் தொடச் சொன்னார். தொட்டவர்கள் ஒன்றாம் வகுப்பு. பிறந்த தேதி எல்லோருக்கும் ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு நாள். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. திண்ணையில் உட்காரவைத்தாவது எல்லோருக்கும் இடம் கொடுத்தார், ஒரு பிள்ளையையும் திருப்பி அனுப்பவில்லை. ஆனால் அவசரத்தில் எழுதிய அந்தத் தேதிதான் இன்று பி.எஃப். பணம் வாங்கப் போனால் குறுக்கே நிற்கிறது. குடும்ப அட்டையில் ஒரு வயது, பள்ளியில் ஒரு வயது, ஆதாரில் ஒரு வயது. சாதிச் சான்றிதழுக்குப் போனால் பூர்வீக ஊரைக் கேட்கிறார்கள். அதற்குச் சாட்சி பழைய பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும்தான்.

மேல் லயத்து (தொழிலாளர் வரிசை வீடு) பாட்டி ஒருவர் ட்ரங்குப் பெட்டியிலிருந்து மஞ்சள் துணியில் சுற்றிய பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார். விரித்ததும் மடிப்பில் இரண்டாகக் கிழிந்தது. ஊர்ப் பெயரில் ‘கோட்டை’ மட்டும் மிச்சம், முன்பாதியைப் பூச்சி தின்றுவிட்டது. புதுக்கோட்டையா பட்டுக்கோட்டையா? மாமனார் ஊர் அது, பாட்டிக்கு நினைவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுவாரமே கூடலூரில் இரும்பு பீரோவுக்கு முன்பணம் கட்டினேன். செயற்குழுவைக் கேட்காமல் கட்டியது தவறுதான், ஆனால் காத்திருந்தால் இன்னொரு மழைக்காலம் போயிருக்கும்.

வீடு வீடாகச் சொல்லியும், காகிதங்களைப் பிரதி எடுத்த ஞாயிறன்று வந்தது ஒன்பது குடும்பம். நானும் பொருளாளரும் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தோம். செலவைப் பற்றிக் கேட்டவர்களில் சிலர் மூன்று வருடமாகச் சந்தாவே கட்டவில்லை. பெயர்களை இங்கே வாசிக்கவில்லை. சந்தா நோட்டு மேசைமேல் இருக்கிறது.

கணக்கைப் பொருளாளர் விவரமாகச் சொல்வார். வரவும் செலவும் ஏறக்குறைய சரியாகிவிட்டது. பீரோவுக்குத்தான் கொஞ்சம் பாக்கி. தலைவருக்கும், தகரம் ஏற்றித் தந்த இளைஞர்களுக்கும், ஞாயிறன்று டீ கொடுத்த சகோதரிகளுக்கும் நன்றி.

அடுத்த வருடம் செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்க வந்தால் சாவியை மனமாரக் கொடுக்கிறேன். பீரோவில் இரண்டு தட்டு இன்னும் காலி. திருவிழாவுக்குத் திருப்பூர், கோவையிலிருந்து பிள்ளைகள் வரும்போது வீட்டுப் பெட்டியை ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஞாயிறுதோறும் காலை 10 மணிக்குப் படிப்பகம் திறந்திருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்