படம் போட்டவர் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாத இதழின் நூல் அறிமுகப் பகுதியில் புதிதாக வந்த ஐந்து சிறுவர் படக்கதைப் புத்தகங்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பிள்ளைகள் புத்தகத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் படங்களைப் பற்றி ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக்கு மேல் இல்லை, அதுவும் பெரும்பாலும் ‘கண்ணைக் கவரும் வண்ணப் படங்கள்’ மாதிரிதான். நான்கு புத்தகங்களுக்கு ஓவியர் பெயர்கூட இல்லை. பதினாறு பக்கப் புத்தகத்தில் இருநூறு சொல் இருந்தால் அதிகம், மிச்சமெல்லாம் படம். அதை விட்டுவிட்டு மதிப்புரை எழுதுவது, சோற்றை விட்டுவிட்டு ஊறுகாயை மட்டும் ருசி பார்த்தது மாதிரி இருக்கிறது.

அந்த ஐந்தில் மூன்றை வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஏழெட்டுப் பிள்ளைகள் கதை கேட்க வருவார்கள். அவர்களோடு உட்கார்ந்துதான் படித்தேன்.

ஒன்றில் பாட்டி விடிகாலையில் வாசலில் கோலம் போடுகிறாள். பக்கம் முழுக்கப் படம். பாட்டியின் சுங்குடிப் புடவை, ஈரத் தரை, விளக்கு வெளிச்சம் எல்லாம் பளபளவென்று இருந்தன. எனக்கும் முதலில் பிடித்துத்தான் போனது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி விரலை வைத்து எண்ண ஆரம்பித்தாள். “அத்தை, இந்த வரிசைல அஞ்சு புள்ளி, அடுத்ததுல நாலரைதான் இருக்கு” என்றாள். குனிந்து பார்த்தால் உண்மைதான், ஒரு புள்ளி பாதி கரைந்து கிடக்கிறது. சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியை வளைத்துக்கொண்டு போக வேண்டும். இங்கே புள்ளியின் தலைமேலேயே ஏறிப் போகிறது, ஓரிடத்தில் தரைக்குள் புகுந்து காணாமல் போய்விடுகிறது. கதையே கோலத்தைப் பற்றியது! இந்தப் படத்தைத்தான் உங்கள் விமர்சகர் ‘தத்ரூபம்’ என்று எழுதியிருந்தார்.

அடுத்தது காக்கா, நரி, வடை. வடை போன பிறகும் காக்கா சிரித்துக்கொண்டிருக்கிறது. முதல் பக்கத்துக் காக்காவையே கடைசிப் பக்கத்திலும் ஒட்டியிருக்கிறார்கள் போல. போதாக்குறைக்கு இரண்டு பக்கத்துக்கும் பரவிய படத்தில் நரியின் முகம் சரியாக நடு மடிப்பில் மாட்டிக்கொண்டது. பசை போட்டு ஒட்டிய புத்தகம். எவ்வளவு விரித்தாலும் மூக்கு ஒரு பக்கம், காது ஒரு பக்கம்.

மூன்றாவதைத்தான் சொல்ல வேண்டும். கறுப்புக் கோடு, கூடவே மஞ்சள் ஒன்றுதான் வண்ணம். ‘படங்கள் எளிமையானவை’ என்று அரை வரியில் முடித்துவிட்டீர்கள். அந்தக் கதையின் எழுத்தில் பூனையே கிடையாது. படத்தில் மட்டும் முதல் பக்கத்திலிருந்து ஒரு பூனை கட்டிலடியில், அலமாரி மேல், கதவிடுக்கில் என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் பால் சொம்பு காலியானது எப்படி என்று எழுத்து சொல்லவில்லை, பிள்ளைகள் கத்திச் சொன்னார்கள். சொன்ன கையோடு முதல் பக்கத்துக்குத் திருப்பச் சொல்லி, பூனையைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். எழுத்து சொன்னதையே படமும் சொன்னால் அது அலங்காரம், அவ்வளவுதான். எழுத்து விட்டு வைத்ததை இந்த ஓவியர் சொல்லியிருக்கிறார்.

அமெரிக்காவில் 1938 முதல் கால்டெகாட் பதக்கம் என்று ஒன்று தருகிறார்கள், படக்கதையின் ஓவியருக்கென்றே. தருவது நூலகர்களின் சங்கம். கை வண்ணத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், பாணி கதைக்குப் பொருந்துகிறதா, கதையின் இடமும் மனநிலையும் படத்தின் வழியே வருகின்றனவா, பார்க்கப்போவது குழந்தை என்ற நினைப்பு இருக்கிறதா என்றெல்லாம் பார்க்கிறார்கள். நம் சாகித்திய அகாதமி 2010 முதல் தரும் பால சாகித்திய புரஸ்கார் எழுத்தாளருக்குத்தான். சிறுவர் நூல்களுக்கென்று 2016-ல் தொடங்கிய பிக் லிட்டில் புக் விருதில் ஓவியருக்கும் தனிப் பரிசு வைத்தார்கள் என்பது ஓர் ஆறுதல்.

நம் ஊரில் ஆள் இல்லை என்று சொல்லவும் முடியாது. பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி என்ற மூன்று கோண்டுப் பழங்குடி ஓவியர்கள் வரைந்த மரங்களைச் சென்னை தாரா பதிப்பகம் கறுப்புத் தாளில் கையாலேயே அச்சிட்டுப் புத்தகமாக்கியது. அது 2008-ல் இத்தாலியின் பொலோனியா சிறுவர் புத்தகக் கண்காட்சியில் பரிசு வாங்கியது. அப்புறம், அம்புலிமாமா படித்து வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். வேதாளம் சொன்ன கதைகளில் நான்கு நினைவிருந்தால் பெரிது. வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனும் அவன் தோளில் தொங்கும் உடலும் யாருக்கும் மறக்கவில்லை. அதை வரைந்த சங்கரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

அடுத்த முறை நூலின் பெயருக்குக் கீழே, எழுத்தாளர் பெயர் போடும் அதே அளவு எழுத்தில் ஓவியர் பெயரையும் போடுங்கள். மதிப்புரை எழுதுகிறவர் ஒரு தடவையாவது ஒரு குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பக்கத்தைப் புரட்டட்டும்.

அந்தக் கோலப் பக்கத்தைச் சின்னப் பெண் பென்சிலால் திருத்தி வைத்திருக்கிறாள், ஐந்துக்கு ஐந்து, ஒரு புள்ளி குறையாமல். வேண்டுமென்றால் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
கும்பகோணம்.