கடைசி ரீலுக்காகக் காத்திருந்தேன்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ பேசி இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. அன்றிரவு நீ சொல்லி முடிப்பதற்குள் "போனை வை" என்று நான் போட்ட கூச்சல் இன்னும் என் காதிலேயே இருக்கிறது. போனில் பேசினால் மறுபடியும் குரல் உயர்ந்துவிடுமோ என்று பயம். எழுதும்போது அப்படி நேராது. அப்பாவுக்குச் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். தபாலில் சேர்க்கப் போகிறவரும் அவர்தான்.

நீ விரும்புகிற பெண் உன்னைவிட எட்டு வயது மூத்தவள், விவாகரத்து ஆனவள், பதினொரு வயதில் ஒரு மகள் இருக்கிறாள் என்றாய். அன்று இரவு முழுவதும் நான் தூங்கவில்லை. விடியும் நேரத்தில் ஓர் எண்ணம் வந்தது. வந்தவுடன் மனத்துக்குப் பெரிய ஆறுதலாகவும் இருந்தது. உன்னிடம் மறைக்கப் போவதில்லை. 'அந்தப் பெண் நல்லவளாக இருந்தால் தானாகவே ஒதுங்கிப் போய்விடுவாள்' என்பதுதான் அந்த எண்ணம்.

அடுப்படியில் பாலைக் காய்ச்சிக்கொண்டு நிற்கும்போது சுருக்கென்றது. இந்த வார்த்தையை நான் யாரிடம் கற்றுக்கொண்டேன்? நல்லவள் என்றால் ஒதுங்குகிறவள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? யோசித்துப் பார்த்தால், யாரும் வாயால் சொன்னதில்லை. மாட்னி காட்சிகளில் பெண்கள் வரிசையில் உட்கார்ந்து, அழுது அழுது கற்றுக்கொண்டது அது.

அதற்குப் பிறகு ஏழெட்டு இரவுகள் அந்தப் பழைய படங்களையெல்லாம் மறுபடி தேடிப் பார்த்தேன். அப்பா முதலில் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாளிலிருந்து அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

முதலில் பார்த்தது 'அபூர்வ ராகங்கள்'. அது வந்த 1975இல் எனக்குப் பதினைந்து வயது. அம்மாச்சி, நான், சித்தி மூவரும் போனோம். எந்தச் சித்தி என்று உனக்குத் தெரியும், நம் வீட்டில் பெயர் சொல்லாத சித்தி. அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. கணவனை இழந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவளை வெளியே கூட்டிப்போவதே அபூர்வம். அன்று என்னவோ அம்மாச்சிக்கு மனம் இளகியது.

கதை உனக்கும் தெரிந்திருக்கும். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறிய பிரசன்னா, தன்னைவிட மூத்த பாடகி பைரவியை விரும்புகிறான். பைரவிக்கு வளர்ந்த மகள் இருக்கிறாள். அந்த மகளோ பிரசன்னாவின் தந்தையை மணக்க விரும்புகிறாள். அப்படி நடந்தால் யார் யாருக்கு என்ன முறை என்பது விக்கிரமாதித்தனிடம் வேதாளம் கேட்ட புதிர். பாலச்சந்தர் அந்தப் புதிரை எடுத்து எங்கள் மடியில் போட்டார். அத்தை மகன், மாமன் மகள் என்று முறை பார்த்தே பெண் கொடுத்து எடுக்கிற ஊரில், முறையே குழம்பிப் போகிற ஒரு கதையை எடுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அந்தத் துணிச்சலுக்கு இன்றும் நான் கைகூப்புவேன். படத்தில் 'அதிசய ராகம்' என்று ஜேசுதாஸ் பாடுகிற பாட்டு மஹதி ராகத்தில் அமைந்தது. பாலமுரளிகிருஷ்ணா உருவாக்கிய அந்த ராகத்தில் நான்கே சுவரங்கள்தான். ஒரு ராகத்துக்குக் குறைந்தது ஐந்து சுவரமாவது வேண்டும் என்பது பழைய இலக்கணம். இலக்கணத்துக்கு வெளியே நிற்கிற காதலுக்கு, இலக்கணத்துக்கு வெளியே நிற்கிற ராகத்தையே எம்.எஸ்.விஸ்வநாதன் எடுத்திருக்கிறார். என்ன பொருத்தம் பார்!

ஆனால் முடிவைக் கவனி. பைரவியைக் கைவிட்டுப் போன பாண்டியன் ரத்தப் புற்றுநோயோடு வந்து சேர்கிறான், இறந்தும் போகிறான். பிரசன்னா தன் தந்தையிடம் திரும்புகிறான், மகள் தன் தாயிடம் திரும்புகிறாள். புதிருக்கு விடை சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. அவரவர் பழைய இடத்தில் அவரவர்.

தியேட்டரில் எல்லோரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தோம். சித்தி மட்டும் அழவில்லை. வீட்டுக்கு நடந்து வரும் வழியில், யாரிடம் என்றில்லாமல், "அந்தப் பையன் திரும்பிப் போயிருக்க வேண்டாம்" என்றாள். அம்மாச்சி அவளைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது இந்தத் தடவைதான் எனக்கு உறைத்தது. வளர்ந்த மகளுக்குத் தாயாக நடித்தபோது ஸ்ரீவித்யாவுக்கு வயது 22. கமல்ஹாசனைவிட ஒரே ஒரு வயதுதான் மூத்தவர். மூத்தவளைக் காதலிக்கிற கதையில்கூட உண்மையிலேயே நாற்பது வயதான ஒரு பெண்ணைக் காட்டி, இவளை ஒருவன் விரும்புவான் என்று சொல்ல முடியவில்லை. நாற்பதைப் பார்க்கிறோம் என்று நம்பி நாங்கள் இருபத்திரண்டைப் பார்த்தோம். அதனால்தானோ என்னவோ, 'நாற்பத்தொன்று' என்று நீ சொன்னபோது என் மனத்தில் எந்த முகமும் வரவில்லை. அப்படி ஒரு முகத்தைக் காதலியாக எங்கேயும் நான் பார்த்ததே இல்லை.

அதற்கும் முந்தையது 1962இல் வந்த ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்'. சாகக் கிடக்கிற கணவன், தனக்குப் பிறகு நீ உன் பழைய காதலனை மணந்துகொள் என்று மனைவியிடம் சொல்கிறான். 1962இல்! கேட்ட அவள் 'சொன்னது நீதானா' என்று உருகுகிறாள். அந்தக் காதலன்தான் அவனுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர். கடைசியில் நோயாளி பிழைக்கிறான், டாக்டர் இறந்துபோகிறார். மறுமணம் என்ற பேச்சு எழுந்ததோடு சரி. 'அந்த 7 நாட்கள்' 1981இல் வந்தது. அதில் கணவனே மனைவியை அவள் காதலனிடம் ஒப்படைக்கத் தயாராக இருக்கிறான். காதலன்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிறான். கழுத்தில் ஏறிய தாலி இறங்கக்கூடாது. ஊரே கைதட்டியது, நானும்தான்.

'முதல் மரியாதை'யில் சிவாஜி அந்த வயதில் பரிசல் ஓட்டுகிற பெண்ணிடம் மனத்தைக் கொடுப்பதைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கவில்லை. அவள் சிறைக்குப் போகிறாள், அவர் அவளுக்காக உயிரைப் பிடித்துவைத்துக் காத்திருந்து சாகிறார். இருவரும் ஒன்றாக வாழ்ந்திருந்தால் நாங்கள் பொறுத்துக்கொண்டிருப்போமா என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. "மாட்டோம்" என்றார்.

அந்த இயக்குநர்களை நான் குறை சொல்லவில்லை. தணிக்கைக்காரர்கள் இருந்தார்கள், விநியோகஸ்தர்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் மேலே டிக்கெட் வாங்கிய நாங்கள் இருந்தோம். முதல் பதினான்கு ரீலில் அவர்கள் எங்களுக்குப் புதிய உலகத்தைக் காட்டினார்கள். கடைசி ரீலில் எங்களை எங்கள் வீட்டு வாசலில் பத்திரமாகக் கொண்டுவந்து விட்டார்கள். அந்தக் கடைசி ரீல் இல்லையென்றால் முதல் பதினான்கையும் நாங்கள் பார்க்க விட்டிருக்க மாட்டோம்.

எல்லாவற்றையும்விட என்னைக் கலைத்துப் போட்டது 'சிந்து பைரவி'. அது வந்தது 1985 கடைசியில். அந்த வருட ஆனி மாதத்தில்தான் சித்தி பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவளுக்கு முப்பத்து மூன்று வயது, சித்தப்பாவுக்கு இருபத்தேழு. லேத் பட்டறையில் வேலை. நம் ஆட்களும் இல்லை. செய்தி தெரிந்ததும் அம்மாச்சி தெரு வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டு அலறினாள். எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாம் கூடிவிட்டது. சித்தியின் டிரங்குப் பெட்டியைத் தாய்மாமா தூக்கி வாசலில் வைத்தார்.

நான் அப்போது கல்யாணமாகி வந்த புதிது. "போய்ப் பார்த்துவிட்டு வா" என்று அப்பா இரண்டு தடவை சொன்னார். அம்மாச்சி மனம் நோகும் என்று நான் போகவில்லை. ஐந்தாறு மாதம் கழித்து அம்மாச்சியும் நானும் 'சிந்து பைரவி' பார்த்தோம். பாடகர் ஜே.கே.பி.க்கு மனைவி இருக்கும்போதே சிந்துவோடு உறவு. சிந்து குழந்தை பெற்று, அந்தக் குழந்தையைப் பிள்ளையில்லாத மனைவியின் கையில் கொடுத்துவிட்டு ஊரை விட்டே போகிறாள். அம்மாச்சி தேம்பித் தேம்பி அழுதாள். "மகராசி, என்ன மனசு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். மறுவாரமும் போய்ப் பார்த்தாள். சுஹாசினிக்குத் தேசிய விருது கிடைத்தபோது தன் வீட்டுப் பெண்ணுக்குக் கிடைத்ததுபோல் மகிழ்ந்தாள். தன் வீட்டுப் பெண் இருபது மைல் தூரத்தில் ஓர் ஓட்டு வீட்டில் வாழ்ந்துகொண்டிருந்தாள், அவளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சித்தி ஒதுங்கவில்லை, அவ்வளவுதான். ஒருவர் கணவனையும் அவள் எடுத்துக்கொள்ளவில்லை. ஒதுங்கிப் போயிருந்தால் அவளும் மகராசியாகியிருப்பாள்.

அம்மாச்சியின் அந்த அலறலை நினைக்கும்போதெல்லாம் ஜெயகாந்தன் நினைவுக்கு வருவார். அவருடைய 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் விகடனில் வந்த சிறுகதை. மழை நாளில் காரில் ஏற்றிக்கொண்டு போனவனால் கெடுக்கப்பட்டு ஒரு பெண் வீடு திரும்புகிறாள். விஷயத்தைக் கேட்ட தாய் அவளை உட்காரவைத்துத் தலையில் தண்ணீரைக் கொட்டுகிறாள், நீ தூய்மையாகிவிட்டாய் என்று சொல்லித் தேற்றுகிறாள். அது எப்படி ஒரு தாய் அப்படிச் செய்யலாம் என்று வாசகர்கள் கொதித்தார்கள். சரி, தாய் அப்படிச் செய்யாமல் கூச்சல் போட்டிருந்தால் என்ன ஆகும் என்று ஜெயகாந்தன் ஒரு நாவலையே எழுதிக் காட்டினார். அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972க்கான சாகித்ய அகாதெமி விருது பெற்றது. 1977இல் பீம்சிங் படமாக எடுத்து, கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. கங்காவின் வாழ்க்கை முழுவதையும் தாயின் அந்த ஒரு கூச்சல்தான் தீர்மானிக்கிறது. அண்ணன் அவளை வெளியே தள்ளுகிறான், ஊர் பேசுகிறது, எல்லாம் அந்தக் கூச்சலுக்குப் பிறகுதான்.

நீ தவறொன்றும் செய்யவில்லை, அவளும் செய்யவில்லை. உன் கதை வேறு, கங்காவின் கதை வேறு. ஆனாலும் தண்ணீர் ஊற்றிய தாய், கூச்சல் போட்ட தாய் என்ற இரண்டு பேரையும் படித்தவள் நான். இருபது வயதில், நான் தாயானால் முதல் தாயாகத்தான் இருப்பேன் என்று நிச்சயமாக நம்பியவள். என் முறை வந்தபோது கூச்சல்தான் போட்டேன், தம்பி. அதற்காக என்னை மன்னித்துவிடு. அவளிடமும் சொல். போன் ஒலிபெருக்கியில் இருந்ததா, அவள் கேட்டாளா என்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

'அவர்கள்' படத்தை மட்டும் இரண்டு முறை பார்த்தேன். 1977இல் வந்தது. அதன் முடிவில் நாயகி அனு யாரையும் மணக்கவில்லை. கைக்குழந்தையோடு ரயில் ஏறுகிறாள். இதிலும் பெண் தனியாகத்தானே போகிறாள் என்று முதலில் வருத்தமாக இருந்தது. ஆனால் அவளைக் கொடுமைப்படுத்திய கணவனின் தாய், லீலாவதி நடித்தது, மகனை விட்டுவிட்டு அதே ரயிலில் மருமகளோடு கிளம்புகிறாள். அந்தக் காலத்துக் கடைசி ரீல்களில் ஒரு மூத்த பெண் இளையவள் பக்கம் வந்து உட்கார்ந்த ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று அப்பாவை எழுப்பிச் சொன்னேன். மணி இரவு ஒன்றரை.

சென்ற வியாழக்கிழமை நான் மானாமதுரைக்குப் பஸ் ஏறிப் போய்ச் சித்தியைப் பார்த்தேன். நாற்பது வருடம் கழித்து. வாசலில் நின்று என்ன சொல்வதென்று தெரியவில்லை. சித்தப்பாதான் கதவைத் திறந்தார், அடையாளம் தெரியாமல் "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டார். உள்ளே இருந்து என் குரலைக் கேட்டுச் சித்திதான் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். முழங்கால் வலி, மெல்ல நடக்கிறாள். சித்தப்பா பட்டறையை விட்டு ஏழு வருடம் ஆகிவிட்டது. காலையில் பால் வாங்கி வந்து காபி போடுவது இன்றுவரை அவர்தானாம். அவளுக்குச் சர்க்கரை இருப்பதால் அளந்து போடுகிறார். நான் இருந்த மூன்று மணி நேரத்தில் "மாத்திரை போட்டாயா" என்று இரண்டு முறை கேட்டார். யாரும் சாகவில்லை, யாரும் ஒதுங்கவில்லை. நாற்பது வருடமாக அந்த வீட்டில் காலையில் காபி போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். இதை எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

உன்னைப் பற்றிச் சித்தியிடம் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பிள்ளைக்கு நம் பையனைப் பிடித்திருக்கிறதா?" என்பது. அந்தப் பிள்ளை என்று அவள் சொன்னது பதினொரு வயதுக் குழந்தையை. எனக்குத் தோன்றாத கேள்வி. அதற்குப் பதில் எழுது. என் பயமெல்லாம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அந்தக் குழந்தை உன்னை எப்படி ஏற்கும், நீ அவளுக்கு என்னவாக இருக்கப் போகிறாய் என்பதில் எனக்கு இன்னும் கலக்கம் இருக்கிறது. அதை நேரில் பேச வேண்டும், அவளும் உடன் இருக்கும்போது.

மூவரும் வாருங்கள். எந்த வெள்ளிக்கிழமை இரவு ரயில் என்று அப்பாவிடம் சொல், நிலையத்துக்கு வருவார். மாடி அறையைச் சுத்தம் செய்து கொசுவலை கட்டியிருக்கிறேன். சித்தியும் சித்தப்பாவும் அன்று வருகிறார்கள். மாடிப்படி அவளுக்கு ஆகாது, அதனால் கீழ் அறை அவர்களுக்கு.

குழந்தைக்குக் காரம் ஆகுமா என்று கேட்டு எழுது.

அன்புடன்,
அம்மா